ஆளில்லாத ஷாட்

பதினாலு வருஷமாக ஓடும் விண்வெளித் தொடரில் புதுக் கதைக்கு எங்கே போவார்கள்? எல்லாக் கிரகத்துக்கும் போய் வந்தாயிற்று. விண்கலம் மூன்று முறை வெடித்தும் ஆயிற்று. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை ‘மறு உலகம்’ எடுப்பார்கள். அங்கேயும் இதே விண்கலம், இதே ஆட்கள், ஆனால் எல்லாரும் கொடியவர்கள். வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டுச் சிவப்பு பல்பு மாட்டினால் மறு உலகம் வந்துவிடும். சட்டைக்குக் கை இருக்காது. கெட்டவர்களுக்குச் சட்டைக் கை ஏன் ஆகாது என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், டைரக்டர் பதில் சொன்னதில்லை.

கேப்டனாக நடிப்பவன் என் தம்பி. அவனுக்கு மேக்கப் நான். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயசு, அதற்கப்புறம் அவனுக்கு எல்லாம் நான்தான். பவுடர் பஃப் மூக்கைத் தொட்டால் உடனே தும்முவான். சின்னதில் அவன் தும்மும்போது, நூறு வயசு வாழட்டும் என்று ‘நூறு’ என்பேன். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவன் தும்முவதையும் விடவில்லை, நான் சொல்வதையும் விடவில்லை.

நல்ல கேப்டன், கெட்ட கேப்டன், இரண்டும் அவன்தான். கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, முதலில் நல்லவன் பாதியை எடுப்போம். பிறகு கன்னத்தில் ரப்பர் வடுவை ஒட்டிக் கெட்டவன் பாதி. கடைசியில் செட்டில் யாரும் இல்லாமல் முப்பது விநாடி. அதுதான் ஆளில்லாத ஷாட், இரண்டு பாதியையும் ஒட்ட எடிட்டருக்கு அது வேண்டும். எல்லாம் முடிந்ததும் நான் வடுவைப் பிய்த்து, “போ, உன் உலகத்துக்கே போய்ச் சேர்” என்று குப்பையில் போடுவேன். தம்பி சிரிப்பான். வருஷா வருஷம் இதே விளையாட்டு.

இந்த வருஷம் வரிசை மாறியது.

முந்தின நாள் மாட்டிய சிவப்பு பல்பு அப்படியே இருந்தது. அதைக் கழற்றி மறுபடி மாட்ட இரண்டு மணி நேரம் ஆகும். “கெட்டவனை முதல்ல எடுத்துடலாம்” என்றார் டைரக்டர். பசை பிய்த்த இடம் சிவந்து போகுமே என்றுதான் நான் சண்டை போட்டேன். வேறு எதற்கும் பயப்படத் தோன்றவில்லை.

இரண்டு உலகத்துக்கும் நடுவே உள்ள வாசல் என்று காட்ட ஒரு பெரிய கண்ணாடி வைத்திருந்தார்கள். அது என் மேக்கப் அறைக் கண்ணாடிதான். சுற்றிலும் தகரத்தை ஒட்டி மினுக்கியிருந்தார்கள். கெட்ட கேப்டன் அதற்கு முன்னால் நின்று, உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து, “இடம் மாத்திக்கலாமா?” என்று கேட்க வேண்டும்.

கேட்டான். பல்பு கருகும் வாசனை வந்தது. காலடியில் ஜில்லென்று ஒரு காற்று ஓடியது, எல்லாக் கதவும் சாத்தியிருந்தும்.

“கட்” என்றார் டைரக்டர். தம்பி கண்ணாடியை விட்டு விலகி வந்தான்.

அவன் மூச்சுப் பட்ட இடத்தில் ஆவி படிந்திருந்தது. துணியால் துடைத்தேன். போகவில்லை.

ஆவி உள்பக்கம் இருந்தது.

நாற்காலியில் உட்கார வைத்து வடுவைப் பிய்த்தேன். தோல் சிவக்கவில்லை. வேலை பாதிதான் முடிந்திருந்தது, அதனால் வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. பஃபை எடுத்து மூக்கில் ஒற்றினேன்.

அவன் தும்மவில்லை.

மறுபடி ஒற்றினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். “போதும்” என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

நல்லவன் பாதியை ஒரே டேக்கில் முடித்தான். அவ்வளவு அன்பாக அவன் நடித்து நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் எடிட்டர் கூப்பிட்டாள். “ஆளில்லாத ஷாட்ல ஏதோ சத்தம்க்கா. யாரு உள்ள இருந்தீங்க?”

திரையில் காலி செட். நடுவில் என் கண்ணாடி. பத்து விநாடி, பதினைந்து விநாடி. பிறகு எங்கோ அடியிலிருந்து ஒரு தும்மல்.

எனக்குத் தெரியாத தும்மலா அது?

அதற்குப் பின்னால், மெல்ல, மூச்சு வாங்க, “அக்கா... லைட் ஏன் சிவப்பாவே இருக்கு?”

நான் திரைக்குக் கிட்டே குனிந்தேன். கதவு திறந்தது. அவன் நின்றான். என் தம்பியின் சட்டை, என் தம்பியின் செருப்பு. “அந்த ஷாட்டை அழிச்சிடு” என்றான் எடிட்டரிடம். கேப்டன் சொன்னால் யார் மறுப்பார்கள்? என் கண் முன்னால் அழித்தாள்.

வடுவை மறுபடி ஒட்டி, மறுபடி பிய்த்து, ‘போ, உன் உலகத்துக்கே’ என்ற அந்த வார்த்தையைச் சொன்னால் போய்விடுவான் என்று தோன்றியது. அன்றே பசையோடு கிட்டே போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தான், எலும்பு நொறுங்கும்போல.

“உன் தம்பி பொண்டாட்டி, பிள்ளைங்க வீட்ல காத்திருக்காங்க. நான் போய்ப் பாத்துக்கறேன். நீ வாயை மூடிட்டு இருந்தா அவங்க நல்லா இருப்பாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றிலிருந்து நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னை எனக்கே பிடிக்கவில்லை.

கண்ணாடி என் அறைக்குத் திரும்பி வந்து நான்கு நாள் ஆகிறது. இன்று காலை, யாரும் வருவதற்கு முன்னால், பவுடர் டப்பாவைத் திறந்தேன். தூள் கொஞ்சம் பறந்து கண்ணாடியில் பட்டது.

உள்ளே ஒரு தும்மல்.

“நூறு” என்றேன். பழக்கம். என்னை அறியாமல் வந்துவிட்டது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. இருக்கிறான், என் பிள்ளை இருக்கிறான்.

“யாருக்குச் சொன்ன?”

குரல் முதுகுக்குப் பின்னால் வாசலிலிருந்து வந்தது. நான் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே தெரிந்தது. கதவை மெதுவாகச் சாத்தித் தாழ் போட்டான். கையில் செட் தச்சரின் சுத்தியல்.

இது எதுவும் தெரியாமல், உள்ளே அவன் மறுபடியும் தும்மினான்.