இன்ஜினுக்குள் தாய்மாமன்

செவ்வாய்க் கிரகத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் காற்றுக் குப்பி நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருதையன் அதைப் பார்ப்பாரோ மாட்டாரோ, சந்தனம் குழைத்தாயிற்றா என்று பார்ப்பார். ஓராள் மட்டும் போகிற அந்தக் குட்டி வண்டியின் மூடியைத் தூக்கி, மோதிர விரலால் இன்ஜினுக்கு ஒரு பொட்டு வைக்காமல் அவர் குடியிருப்பின் குவிமாடத்தைத் தாண்டியதே இல்லை. பூமியை விட்டு எத்தனை கோடி மைல் வந்தால்தான் என்ன, பழக்கம் விடுமா?

அன்றைக்கு வினை அந்த விரலில்தான் இருந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் மோதிர விரல் நகத்தில் ஆள்மணி என்று ஒன்று ஒட்டியிருக்கும். கடுகளவு பீங்கான். கதவு திறக்க, சோறு வாங்க, அடுத்த வீட்டோடு பேச, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மணி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆளும் இருக்கிறார் என்பது சட்டம். அந்த மணி ஈரச் சந்தனத்தோடு வழுக்கி, ‘டிங்’ என்று எதன்மேலோ பட்டு, இன்ஜினின் அடிவயிற்றுக்குள் போய்விட்டது.

“ஐயையோ! போச்சு!”

சும்மா போகவில்லை, தங்கை பவளத்தையும் இழுத்துக்கொண்டு போகிற போக்கு அது. அடுத்த குவிமாடத்தில் பவளத்தின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மூத்த பையனுக்குக் குத்தியபோது மருதையன் வேலை என்று சொல்லித் தன் ஒளியுருவை அனுப்பினார். பிள்ளையை அதன் மடியில் உட்காரவைத்தார்கள். பிள்ளை நேரே தரையில் விழுந்து மண்டை வீங்கியது. “இந்தவாட்டியும் நீ வரலைன்னா எனக்கு அண்ணனே இல்லைன்னு தலைமுழுகிருவேன்” என்று பவளம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். மருதையனுக்கு இருப்பது அந்த ஒரே தங்கை.

காந்தத்தை நூலில் கட்டி இறக்கினார். பீங்கானைக் காந்தம் என்ன செய்யும்? புத்தி அப்போதுதான் வந்தது. கரண்டிக் காம்பின் நுனியில் சூயிங்கத்தை மென்று ஒட்டினார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, வயர்களை விலக்கித் துழாவினார். விசிறிக்குக் கீழே ஒரு ரப்பர் குழாயின் மேல் மணி உட்கார்ந்திருந்தது. சூயிங்கம் அதைத் தொட்டது, ஒட்டியது, பாதி தூரம் மேலே வந்தது. “வா கண்ணு, வா” என்று கொஞ்சியதில் டார்ச் வாயிலிருந்து விழுந்து காம்பைத் தட்டிவிட்டது. மணி இன்னும் ஆழத்துக்குப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து வண்டி பேசியது. “வாங்கண்ணே, ஏறிட்டீங்களா? யாருங்க அது வெளிய? கையை எடுங்க, விசிறி சுத்தப்போகுது.”

“அடேய், நான்தான்டா மருதையன்!”

“விளையாடாதீங்க. அண்ணன் உள்ள இருக்காரு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, வழியை விடுங்க.”

மூடி சாத்திக்கொண்டது. வண்டி போய்விட்டது. அவரை உள்ளே விட்டு, வண்டிக் கொட்டகைக் கதவும் மூடிக்கொண்டது. மணி இல்லாத ஆளுக்கு எந்தக் கதவும் திறக்காது. மருதையன் கதவை உதைத்தார், கத்தினார், கால் வலித்ததும் நிறுத்தினார்.

கொட்டகைச் சுவரில் ஒரு திரை இருந்தது. விசேஷங்களை அது யாரும் கேட்காமலே காட்டும். காதுகுத்து மண்டபம் தெரிந்தது. எல்லாரும் கோலக்கண்ணாடி போட்டிருந்தார்கள். அதைப் போட்டால், எந்த மணி எங்கே இருக்கிறதோ அங்கே அந்த ஆள் தாமே பதிந்துவைத்த கோலத்தில் தெரிவார். அதனால் செவ்வாயில் யாருக்கும் நரையும் இல்லை, தொப்பையும் இல்லை. திரையிலும் அப்படியேதான் தெரிந்தது. பட்டுச் சட்டை, கருகருவென்ற தலைமுடி. சாட்சாத் மருதையன் மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தார்.

“தாய்மாமன் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா!”

“தரையே அதிருது. மாமா நல்லா வெயிட் போட்டுட்டாரு.”

“நல்லாருக்கியா? சாப்பிட்டியா? உடம்பைப் பாத்துக்க” என்றது வண்டி, அண்ணனுக்குப் பதிலாக. இத்தனை வருடம் மருதையனைச் சுமந்ததில் அவர் சொந்தக்காரர்களிடம் பேசிக் கேட்டது அவ்வளவுதான். அதற்குமேல் அங்கே யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

“அது நான் இல்லம்மா!” என்று மருதையன் சுவரைக் குத்தினார். பவளம் குழந்தையைத் தூக்கி மாமன் மடியில் வைத்தாள். கண்ணாடி போடாதது அந்தக் குழந்தை ஒன்றுதான். இதமான சூட்டோடு உறுமிக்கொண்டிருந்த மூடியின் மேல் அது சம்மணம் போட்டுக்கொண்டது. ஊசி இறங்கியபோதுகூட அழவில்லை.

கூட்டம் பந்திக்குப் போனபின் பவளம் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ பேசத் தொடங்கினாள். மேளச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பேசப் பேச அவள் முகம் கோணியது. முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அங்கே உட்கார்ந்திருந்த மருதையன் ‘உம், உம்’ என்று தலையசைத்தார். இங்கே இருந்த மருதையன் திரைக்கு ஓடினார். “என்னம்மா ஆச்சு? யாரு என்ன சொன்னா?” என்று திரையைத் தடவினார்.

வண்டி திரும்பி வந்தது. வாசலில் செம்புழுதியை ஊதித் தள்ளும் காற்றுக் குழாய் அதன் அடியில் ஒரு ஊது ஊதியது. புழுதியோடு மணியும் தரையில் விழுந்தது. இதற்கா காலையில் அந்தப் பாடு! மருதையன் பொறுக்கியெடுத்து நகத்தில் ஒட்டிக்கொண்டார்.

“எறங்கிட்டீங்களாண்ணே?” என்றது வண்டி. “தங்கச்சி ஒரு சேதி அனுப்பியிருக்காங்க.”

பவளத்தின் குரல் கேட்டது. “அண்ணே, இன்னைக்குத்தான் எனக்குன்னு கூடப்பொறந்தவன் ஒருத்தன் இருக்கான்னு நம்பினேன். நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் நீ வேற பக்கமே திரும்பலை. அடுத்தவாட்டியும் இப்படியே வாண்ணே.”

மருதையன் தேம்பித் தேம்பி அழுதார். “டேய், அவ எதுக்குடா அழுதா?”

“உங்ககிட்டதானேண்ணே சொன்னாங்க?”

“எனக்குக் கேக்கலடா.”

“பதிவு இருக்கு. கல்யாணமான நாள்லேருந்து நடந்ததெல்லாம் சொன்னாங்க, கொஞ்சம் நீளம். போடட்டுமா?”

“போடு, போடு. எவ்வளவு நேரமானாலும் சரி.” கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.

“அண்ணே, இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலை...” என்று பவளம் தொடங்கினாள். அதற்குள் நகத்து மணி மினுக்கியது. பகல் முழுவதும் சேர்ந்துபோன செய்திகள் வரிசையாக வந்து இறங்கின. மருதையன் ஒன்றைத் திறந்தார். சிரித்தார். இன்னொன்றைத் திறந்தார். பவளம் பேசிக்கொண்டே இருந்தாள்.

“டேய், அதை நிறுத்து” என்றார், நகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “மொத்தத்துல அவ என்னதான் சொல்றான்னு சுருக்கமாச் சொல்லிரு.”