காலராக் கொட்டகையில் வைத்த பெயர்

சனிக்கிழமை சாயந்திரம், கடலூர் பழைய டவுன் மாதா கோவிலில், வருகிறவர்கள் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்து உட்கார்ந்தார் அடைக்கலராஜ் சாமியார். அதற்கென்று இருந்த மரக்கூண்டின் நடுவில் அவர். இரண்டு பக்கமும் துளை போட்ட தட்டி, அதன்மேல் தள்ளித் திறக்கிற பலகை. தட்டிக்கு அந்தப்புறம் முழங்காலில் நிற்பவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை, அதுதான் முறை. யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போயிருந்த அந்த வருஷத்தில் அது அவருக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது.

யுத்த காலத்து அரிசிப் பஞ்சத்தோடு வந்த காலரா, மழை ஓய்ந்ததும் போய்விட்டது. போகிறபோது சாமியாரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போனது. துறைமுகத்துப் பக்கம் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் அவர் படுக்கை படுக்கையாகப் போனார். பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவர்களுக்கெல்லாம் நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். மோட்சம் தவறிவிடக் கூடாதே என்று முதல் நாள் அழுதுகொண்டே ஊற்றினார். அப்புறம் அழுகை நின்றது, ஊற்றுவது நிற்கவில்லை. ஆண் என்றால் சூசை, பெண் என்றால் மரியாள். நல்ல மரணத்துக்குச் சூசையப்பர்தானே பாதுகாவல்! யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை, சொந்தப் பெயரையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மனசில் ஒன்றும் உறைக்கவில்லை.

இடப்பக்கத் தட்டியைத் திறந்தார். காலராக் கொட்டகையில் தெளித்த பினாயிலின் வாடை வந்தது.

"சாமி," என்றது ஓர் ஆண்குரல். தொண்டை வறண்ட குரல்.

பாவத்தைச் சொல்லப்பா என்றார்.

"பாவம் ஒண்ணும் இல்ல சாமி. சூசைன்னு கூப்புட்டீங்களே, அதான் வந்தேன். நான் அம்பலம். ஊரு செதம்பரம். தொறமுகத்துல மல்லாக்கொட்ட மூட்ட தூக்க வந்தவன். அந்தப் பேரு வீட்டுக்குப் போவ வுட மாட்டேங்குது."

சாமியார் வெளியே வந்து பார்த்தார். முழங்கால் பலகை ஈரமாக இருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த கோவில்பிள்ளை இருதயசாமி, அந்தப் பக்கம் யாரும் வரவே இல்லை என்று சாதித்தான்.

அடுத்த சனிக்கிழமையும் அந்தக் குரல் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது.

சாமியாருக்குப் பயமாக இல்லை. பயப்படக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டதே என்றுதான் இருந்தது. ரயிலேறிச் சிதம்பரம் போனார். கீழவீதியில் விசாரித்தபோது பூக்கட்டும் சிவகாமுவைக் காட்டினார்கள். காலராவில் போன அம்பலத்தின் பெண்சாதி. அங்கியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புருஷன் வாசல் வரைக்கும் வருகிறார், மருந்து வாடை அடிக்கிறது, படி ஏறமாட்டேன் என்கிறார் என்றாள். பிறகு பூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்க குடுத்தத நீங்களே எடுத்துக்கக் கூடாதா சாமி?"

"எடுக்க முடியாதும்மா. ஊத்துன தண்ணி ஊத்துனதுதான். எங்க வேதத்துல அதுக்கு வழி இல்ல."

"அப்ப அவரு பேரச் சொல்லியாவது அனுப்பி வுடுங்க. நான் கூப்புடறது அவருக்குக் கேக்குது. நீங்க கூப்புட்டதுதான் புடிச்சி வச்சிருக்குது."

அந்தச் சனிக்கிழமை பினாயில் வாடை வந்ததும் சாமியார் தட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டார். மன்னித்துக்கொள் என்று வாய்விட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அம்பலம். சிவகாமு கூப்புடுது. வீட்டுக்குப் போப்பா."

பெருமூச்சு ஒன்று கேட்டது. வாடை மெல்லக் குறைந்து நின்றுபோனது. பல மாதத்துக்குப் பிறகு சாமியாருக்குக் கண் கலங்கியது. அழ முடிகிறதே என்ற சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதார்.

தட்டியை மூடக் கை வைத்தார்.

திரும்பவும் பினாயில் வாடை.

"எனக்கும் சொல்லுங்க சாமி." இது வேறு குரல். இளசு.

"சொல்றேம்ப்பா. ஒம் பேரு என்ன?"

யோசிப்பது போல இருந்தது.

"சூசை."

"அது நான் வச்சது. ஒங்க வீட்டுல எப்படிக் கூப்புடுவாங்க?"

"கூப்புட யாரும் இல்லிங்களே. சூசைதான் தெரியுது."

வலப்பக்கத் தட்டியை அந்தப்புறமிருந்து விரல் நகத்தால் யாரோ சுரண்டினார்கள்.

"மரியாள்," என்றது ஒரு பெண்குரல்.

அதன் பின்னால், "சூசை."

அதற்கும் பின்னால், தள்ளி, வரிசையில் நிற்பவர்கள் போல, "சூசை." "மரியாள்." "சூசை."

இருதயசாமி சாவிக்கொத்தோடு வந்து நின்று, கோவிலில் ஒருவரும் இல்லையே, கதவைச் சாத்திவிடட்டுமா என்று கேட்டான்.