கோகிலா தொடாத முட்டை

சாம்பார்க் கிண்ணம் சுவரில் மோதி உருண்டது.

"பாரு! நல்லாப் பாரு! மறுபடியும் முடி!" நீள முடி ஒன்றை இரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள் சென்னியம்மாள். "என்ற ஊட்டுல நான் இட்டிலி திங்கறதா, உன்ற மசுரத் திங்கறதா?"

மருமகள் கோகிலவாணி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, சுவரில் வழிந்த சாம்பாரைத் துடைத்தாள். கல்யாணத்தன்று இடுப்பைத் தாண்டித் தொங்கிய சடை அது! இப்போது எலிவால்தான் மிச்சம். வகிடு அகன்று மண்டை தெரிந்தது. கொத்துக் கொத்தாக வருவதைப் பார்க்கப் பயந்து அவள் சீப்பையே தொடுவதில்லை.

"ஞாயித்துக்கெழம என்ற பொண்ணு பிரீத்தியப் பாக்க மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வாராங்க. இந்தத் தலையோட இவ நின்னா, சீக்குப் புடிச்ச ஊடுன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. தமிழு! இவளத் தம்மம்பட்டியில அவங்கப்பன் ஊட்டுல உட்டுட்டு வா. முடி மொளைச்சா வரட்டும். மொளைக்காட்டி அங்கயே கெடக்கட்டும்!"

மகன் தமிழரசு கார் சாவியை உருட்டிக்கொண்டு நின்றான். பெரிய ஆம்பளை! கட்டியவளுக்காக ஒரு வார்த்தை வரவில்லை.

"நான் என்னங்க அத்த தப்புப் பண்ணினேன்?"

"கண்ட ஷாம்பூவப் போட்டிருப்ப! கரிசலாங்கண்ணி, செம்பருத்தின்னு நான் காய்ச்சிக் குடுத்த எண்ணெயெல்லாம் எங்கடி போச்சு? அட, அது கெடக்கட்டும்... என்னையக் கொல்லப் பாத்தவதான நீ! சாவக் கண்டு திரும்பி வந்தவள, அமாவாசைக்கு அமாவாசை 'மலைக்குப் படியேறிப் போலாமுங்களா அத்த'ன்னு கூப்புட்டியே... பாதிப் படியில நெஞ்சடைச்சுப் போயிருவேன்னுதான?"

கோகிலாவின் கையிலிருந்த துணி நழுவியது.

"அப்படியா நெனச்சீங்க அத்த...?"

அவ்வளவுதான். உள்ளே போனாள், இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். கோழிப்பண்ணையிலிருந்து முட்டை அட்டையோடு வந்த மாமனார் சின்னுசாமி வாசலில் எதிர்ப்பட்டார்.

"போயிட்டு வாரேனுங்க மாமா."

"பையக் கீழ வெய்யி சாமி." அதிர்ந்து பேசாத அந்த மனிதர் குரலை உயர்த்தினார். "ஏ சென்னி! நம்ம கோழி இறகக் கொட்டினா மொதல்ல எதப் பாப்ப?"

"தீவனத்தத்தான். தீவனத்த நிறுத்தினாக் கொட்டும், மறுபடி போட்டாப் புது இறகு மொளைக்கும். அதுக்கென்ன இப்ப?"

"கோழிக்கு இவ்வளவு தெரியுது. ஊட்டுல இருக்கறவ தட்டுல என்ன இருக்குதுன்னு என்னைக்காச்சும் பாத்தியா?"

"மாமா, வேண்டாமுங்க... சொல்ல மாட்டேன்னீங்களே!"

"இனிச் சொல்லாம இருந்தா நான் மனுசனில்ல. சென்னி, தையில நீ ஐ.சி.யூ.வுல மூச்சுத் திணறிக் கெடந்தப்ப, 'எங்க அத்த தன் கால்ல செங்கோட்டு மலை ஏறற வரைக்கும் ஒருபொழுதுதான் திம்பேன், முட்டை கறி தொடமாட்டேன்'னு வேண்டிக்கிட்டா இவ. முட்டைப் பண்ணைக்காரன் மருமக, இத்தன மாசமா ஒரு முட்டை தொடல! நேத்து இவளக் கூட்டிட்டுப் போனப்ப டாக்டரம்மா என்னையத் திட்டுது... ஒடம்புல ரத்தம் இல்ல, இரும்புச்சத்து இல்ல, மேல எண்ணெய் பூசி என்ன புண்ணியம், வயித்துக்குப் போனாத்தான் முடி நிக்கும்னு. ஒழுங்காத் தின்னா மறுபடி மொளைக்குமாம். ஆனா மாசக்கணக்காகுமாம்."

சென்னியம்மாளின் விரலில் அந்த முடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்தாள், திட்டாகத்தான் வந்தது.

"இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி கேடு உனக்கு!"

"சொன்னா, தெம்பில்லாமயே எனக்காக ஏறிருவீங்க அத்த... தெம்பு வந்தா நீங்களே வருவீங்கன்னுதான் கூப்புட்டு மட்டும் பாத்தேன்."

சென்னியம்மாள் அடுப்படிக்கு ஓடி, வெந்த முட்டையோடு வந்தாள். "தின்னுடி! இப்பவே தின்னு!"

"நீங்க இன்னும் ஏறலீங்களே..."

"பாவி! பிடிவாதத்தப் பாரு!" முட்டைகளைத் துணியில் முடிந்து கையில் எடுத்துக்கொண்டாள். "தமிழு! எட்றா வண்டிய. தம்மம்பட்டிக்கு இல்ல, திருச்செங்கோட்டுக்கு!"

படி நெடுகத் திட்டினாள். மருமகளை, மகனை, புருசனை, படி கட்டினவனை... ஒருத்தரையும் விடவில்லை. மூச்சு வாங்கியபோதெல்லாம் கோகிலாவின் தோளைப் பிடித்து நின்று, மறுபடி ஏறினாள். தூக்க வந்த மகனின் கையைத் தட்டிவிட்டாள்.

சாமி கும்பிட்டு இறங்கியதும், அடிவாரத்தில் வண்டியிலேயே விட்டுப்போன முட்டை முடிச்சை எடுத்துவந்து, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அவிழ்த்தாள். தன் கையால் தோலுரித்து நீட்டினாள். கோகிலா குனிந்தபோது அவள் தலையிலிருந்து ஒரு முடி முட்டைமேல் விழுந்தது.

கோகிலாவுக்கு உயிரே போய்விட்டது. அவசரமாக முந்தானையைத் தலைக்கு இழுத்தாள்.

சென்னியம்மாள் முடியை எடுத்து ஓரமாகப் போட்டாள். பிறகு அந்த முந்தானையைத் தானே விலக்கிவிட்டாள்.

"மூடாத. ஞாயித்துக்கெழம நீதான் முன்னால நின்னு காப்பி குடுக்கற. எந்திரிச்சுப் போறவன் போகட்டும்!" முட்டையை அவள் வாயருகே கொண்டுபோனாள். "தின்னு சாமி..."

காலையிலிருந்து அழாத கோகிலா, வாயில் முட்டையோடு மாமியார் மடியில் சாய்ந்து அழுதாள்.