முதுகேறியை வளர்த்தவர்

“அந்தப் பேரை மட்டும் எடுக்காதீங்கண்ணா—”

“எடுக்காம? நாளைக்கு வாங்க வர்றவங்க கேப்பாங்கடா, யாரு இந்த விஷாகான்னு. செத்துப்போயிட்டான்னு சொல்லவா—”

“செத்துப்போனதாலதான் சொல்றேன்—”

“கத்தாத நஞ்சப்பா. பக்கத்து ரூம்ல பல் டாக்டர் எவனுக்கோ பல்லு புடுங்கிட்டிருக்கான். நம்ம சத்தத்துல நல்ல பல்லைப் புடுங்கிடப்போறான்.”

சேனாபதி தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். நஞ்சப்பன் சிரிக்கவில்லை.

அமெரிக்காவில், குபெர்டினோவில் ஒரு மாடியில் இரண்டே அறை, அதுதான் கம்பெனி. சேனாபதி முதலாளி. நஞ்சப்பன் புரோகிராமர், காலேஜில் அவனுக்கு ஜூனியர். அந்த ‘அண்ணா’ கோயமுத்தூரிலிருந்து கூடவே விமானம் ஏறி வந்தது. மூன்றாவது நாற்காலி ஜன்னலோரம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்துதான் விஷாகா படம் வரைவாள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது பிள்ளைகளுக்கான விளையாட்டு. விநோத ஜந்துக்களைப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிடுவது. நெருப்புத் துப்புகிற பல்லி, இடி இடிக்கிற ஆமை என்று மற்றதெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருக்கும். ஒன்றே ஒன்றைத்தான் யாரும் எங்கும் பார்த்ததில்லை. அது பேய் ஜாதி. பேர் முதுகேறி.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈரக்கூந்தல். கால் கிடையாது. கை இரண்டும் அநியாய நீளம்; கோத்துக்கொண்டால் ஒரு கழுத்தைச் சுற்றச் சரியாக இருக்கும்.

“எதிராளியை அடிக்கிறது பெரிசில்லீங்க,” என்று விஷாகா முதல் நாள் விளக்கியிருந்தாள். “ஜெயிச்சதும் அது வந்து வளர்த்தவங்க முதுகுல ஏறிக்கும். உண்மையா வளர்த்தவங்களுக்குப் பூ மாதிரி இருக்கும். அடுத்தவங்க வளர்த்ததைத் தன் பேர்ல எழுதிக்கிட்டா, ஒவ்வொரு ஜெயிப்புக்கும் கனம் ஏறும்.”

“அப்புறம் எப்படி இறக்கறது?”

“அடுத்தவங்கதை ஏன் சார் எழுதிக்கணும்?”

சேனாபதிக்கு அந்த யோசனை பிடித்தது. யோசனை சொன்னவளின் பேரைப் போடத்தான் பிடிக்கவில்லை. அவள் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். ஒரு மத்தியானம் மீட்டிங் போட்டு, “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்றான். எச்-ஒன் விசாவில் இருக்கிறவளுக்கு வேலை போனால் இந்த ஊரில் நிற்கவே இடமில்லை. அவள் பக்கத்தில் இருந்த நஞ்சப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க நஞ்சப்பன். யார் செஞ்சது இது?”

நஞ்சப்பனின் கிரீன் கார்டு அப்போது சேனாபதியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவன் குனிந்து தன் மானிட்டரைப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. ஃப்ரீவேயில் அவள் கார் சறுக்கி, ஓரத்துப் பள்ளத்தில் தலைகீழாக விழுந்தது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். போலீஸ்காரர் இறங்கிப் பார்த்தபோது இண்டிகேட்டர் மட்டும் இன்னும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்ததாம்.

விளையாட்டுக்குள், முதுகேறியின் படத்துக்குக் கீழே, அவளே போட்டுவைத்த ஒரு வரி மிச்சம் இருந்தது. ‘வளர்த்தவர்: விஷாகா.’

அந்த வரிக்குத்தான் இப்போது சண்டை.

“நான் மாத்த மாட்டேங்கண்ணா. அன்னிக்கு வாயை மூடிட்டிருந்தேன். அதுவே போதும்.”

“நீ மாத்தவேண்டாம். நகரு.”

சேனாபதியே உட்கார்ந்தான். எழுத்துகளை அழித்தான். தன் பேரை அடித்தான்.

டிக்.

“என்ன சத்தம்?”

“எதுங்கண்ணா?”

டிக். டிக்.

“பல் டாக்டராத்தான் இருக்கும்,” என்றான் சேனாபதி. ஆனால் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

மறுநாள் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு வெள்ளைக்கார அம்மாள், அவள் உதவியாள். வெளியே பளீரென்று வெயில். அறைக்குள் மட்டும், வெகுநேரம் நீரில் ஊறிய துணியின் வாடை.

“கார்ப்பெட் நனைஞ்சிருக்கா?” என்று அந்த அம்மாள் மூக்கைச் சுளித்துக் கேட்டாள்.

“ஏசி ஒழுகுது,” என்றான் சேனாபதி. ஏசி ஓடவில்லை.

சுவரில் பெரிய படமாக விளையாட்டைப் போட்டு, அவனே ஆடிக் காட்டினான். முதல் சண்டை. முதுகேறி இடி ஆமையை நொடியில் கவிழ்த்தது. திரையில் இருந்த குட்டி மனிதனின் முதுகில் தாவி ஏறியது. அவன் கொஞ்சம் குனிந்தான்.

சேனாபதியும் கொஞ்சம் குனிந்தான்.

வந்தவர்கள் கை தட்டினார்கள். இன்னொன்று காட்டச் சொன்னார்கள்.

இரண்டாவது சண்டை. அதுவும் ஜெயிப்பு. சேனாபதியின் சட்டையில் இரண்டு தோள்பட்டையிலும் ஈரம் படர்ந்தது. வியர்வை அப்படிப் படராது. நீளநீளமாக, விரல் விரலாகப் படர்ந்தது.

நஞ்சப்பன் அவன் காதருகே குனிந்தான். கூந்தல் வாடை குப்பென்று அடித்தது.

“அண்ணா, நிறுத்துங்க. அவ பேரைப் போட்டுடறேன்.”

“சும்மா இருடா.”

“உங்க முதுகுல—”

“தெரியும்.” சேனாபதியின் குரல் நசுங்கி வந்தது. “அவங்க கையெழுத்துப் போடட்டும். அப்புறம் போடலாம்.”

டிக். டிக். டிக்.

அந்த அம்மாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “அற்புதம். நாங்க வாங்கறதே இந்தப் பேய்க்காகத்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதை உருவாக்கினது யாரு?”

நஞ்சப்பன் சேனாபதியைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். ஒரே ஒரு பேர். அண்ணா, சொல்லிடுங்க.

நஞ்சப்பனின் வாய் வரைக்கும் வந்தது அந்த வார்த்தை. வாயில் நின்றது.

“நான்தான்,” என்றான் சேனாபதி.

டிக் சத்தம் நின்றது.

அவன் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. மூன்றாவது சண்டை தானாகத் தொடங்கியது. எதிராளி என்று யாரும் வரவில்லை. முதுகேறி மெதுவாக, காலில்லாத உடம்பை இழுத்துக்கொண்டு, தன் எஜமானைப் பார்க்கத் திரும்பியது.

எலும்பு முறிகிற சத்தத்தை நஞ்சப்பன் அதற்கு முன் கேட்டதில்லை. உலர்ந்த சுள்ளியை ஒடிப்பது மாதிரிதான் இருந்தது. சேனாபதி மேஜை மேல் கவிழ்ந்தான். அவன் மேல் யாரும் இல்லை. ஆனாலும் மேஜை நடுவில் வளைந்தது. பிறகு இரண்டாகப் பிளந்தது.

நஞ்சப்பன் பாய்ந்துபோய் விசைப்பலகையை இழுத்தான். அவசரத்தில் எழுத்து தப்பியது. அழித்து அழித்து அடித்தான். ‘வளர்த்தவர்: விஷாகா.’

திரையில் முதுகேறி இறங்கியது. பூ உதிர்கிற மாதிரி இறங்கியது. குட்டி மனிதன் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நஞ்சப்பனை ஓரமாக அழைத்தார்.

“இவர் ஆபீஸ்லதான் விழுந்தார்னு சொன்னீங்க?”

“ஆமா.”

“மேல கார் ஏதும் கவிழலையே?”

சேனாபதி அந்த இரவைத் தாண்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் சேனாபதியின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனான். ராஜலக்ஷ்மி ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். யார் யாரோ கொண்டுவந்து கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் சமையலறை நெடுக மூடியபடியே இருந்தன. புருஷனின் ஆபீஸ் பக்கம் அவள் வந்ததே இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் நஞ்சப்பனை மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

“எதாவது வேணும்னா சொல்லுங்க அண்ணி.”

“என்ன வேணும் இனிமே.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அவர் ஒத்த ஆளா கெடந்து உழைச்சார்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படியா நஞ்சப்பா?”

இந்த முறை அவன் குனியவில்லை.

“இல்லீங்க அண்ணி. அந்தப் பேயைச் செஞ்சது விஷாகான்னு ஒரு பொண்ணு. அண்ணன் அவ பேரை எடுத்துட்டாரு. நான் பார்த்துட்டே இருந்தேன்.”

சொல்லிவிட்டான். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

ராஜலக்ஷ்மி அவனையே பார்த்தாள். அழுத முகத்தில் ஏதோ ஞாபகம் வந்த தோரணை.

“அட, அவதானா அது? காலையில ஒரு பொண்ணு வந்து நின்னா, விஷாகான்னு பேர் சொன்னா. தலை துவட்டத் துண்டு கேட்டா. அந்த மீட்டிங்ல அவரோட இன்னொருத்தர் இருந்தாரே, அவர் வீடு எதுன்னு கேட்டா. நான் உன் அட்ரஸைக் குடுத்தேன். நீ வர்ற வரைக்கும் உள்ளேயே உக்காந்திருக்கேன்னு சொல்லிட்டுப் போனாளே, வீட்டுல பார்க்கலையா நஞ்சப்பா?”