படையலில் பதிந்த பல்

டிபன் டப்பாவை மேசைமேல் வைத்த மோகனப்ரியா, அதைத் தன் கையால் திறக்க மாட்டேன் என்றாள்.

"நீங்களே தொறந்து பாருங்க இன்ஸ்பெக்டரம்மா. இன்னொரு வாட்டி என்னால அதப் பாக்க முடியாது."

காத்தூன் பீவி உதவி ஆய்வாளராகத்தான் ஓய்வு பெற்றார். ராயபுரத்து ஜனங்கள் தாங்களாகவே பதவி உயர்வு கொடுத்து அவரை இன்ஸ்பெக்டராக்கிவிட்டார்கள், அவரும் மறுக்கவில்லை. காவல் நிலையத்தில் சொல்ல முடியாத கவலையோடு வருகிறவர்களை அவர் வீட்டுக்கு ஏற்றிவருவது ஆட்டோக்காரன் வல்லரசு. இறக்கிவிட்டுப் போகாமல் கூடவே உட்கார்ந்து, குற்றவாளி யார் என்றும் சொல்லிவிடுவான். இதுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

டப்பாவில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று காய்ந்து கிடந்தது. ஒரே ஒரு கடி. மேல்வரிசைப் பல் தடத்தில் ஒன்று மட்டும் வரிசையை விட்டு வெளியே துருத்தியிருந்தது.

"தெத்துப்பல். யார் கடிச்சது?" என்றார் பீவி.

"எம் புருசன் மணி," என்றாள் மோகனப்ரியா. "அவரு செத்து ரெண்டு மாசம் ஆவுது."

வல்லரசு நாற்காலியைச் சத்தமில்லாமல் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

காத்திவாக்கத்து மீனவன் மணி. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு ஆளில்லாமல் கரையோரம் மிதந்தது, உடம்பு முகத்துவாரத்தில் ஒதுங்கியது. படகிலிருந்து தவறி விழுந்தான் என்று போலீஸ் எழுதி முடித்தது. இப்போது வீட்டில் மோகனப்ரியா, மாமியார் அங்கம்மா, மணியின் தம்பி சின்னப்பையன் என்று மூன்று பேர்.

"கடல்ல செத்தவருக்குக் கடல்லயே பால் ஊத்தணும்னு கொழுந்தனாரு சொல்லிக்கினே கீறாரு. எங்க குப்பத்துல பொம்பளைங்க படகு ஏற மாட்டோம். ஆனா பொண்டாட்டி கையால ஊத்துனாதான் அண்ணன் ஆத்மா அடங்கும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. போறதுக்கு மொத நாள் சாயந்தரம் படையல் போட்டோம். அவருக்குப் புடிச்சதெல்லாம் வச்சு, அத்த சூடம் ஏத்திட்டு வந்து கதவச் சாத்தும். செத்தவரு வந்து சாப்பிடணுமில்ல, அதுக்காக எல்லாரும் வெளிய உக்காந்துகினு இருப்போம். தொறந்து பாத்தா, கிழங்குல இந்தக் கடி. பயத்துல எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்துட்டேன், போவல. போன வாரம் மறுபடியும் கெளம்புனோம். மறுபடியும் கடி, மறுபடியும் காய்ச்சல். போன வாரத்துக் கடிதான் இது."

"மறுபடியும் போகப் போறீங்களா?" என்றார் பீவி.

"நாளைக்குக் காலைல. காய்ச்சல்னாலும் தூக்கிப் படகுல போட்டுகினு போவேன்னு கொழுந்தனாரு சொல்லிட்டாரு. இன்னிக்குச் சாயந்தரம் படையல். அந்தக் கதவு தொறக்கிறத நெனச்சா எனக்கு உசுரே போவுதும்மா."

அவள் பொய் சொல்லவில்லை. கன்னம் ஒட்டிப்போய், பின்னால் யாரோ நிற்பதுபோல் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அன்னைக்கு மணி தனியாத்தான் கடலுக்குப் போனாரா?"

"இருட்டுல ரெண்டு பேரு படகைத் தள்ளிக்கினு போனது தெரிஞ்சுது. 'நீயும் கூடப் போனியே'ன்னு கொழுந்தனாரக் கேட்டேன். தள்ளி வுட்டுட்டு வந்துட்டேன்னாரு."

"சரி. இந்தத் தெத்துப்பல் கடைசிவரைக்கும் அப்படியேதான் இருந்துச்சா?"

மோகனப்ரியா தயங்கினாள். "இல்லம்மா. கப்பல்ல பரிமாறுற வேலைக்குப் போவணும்னு இருந்தாரு. பல்லு எடுப்பா இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, அதனால ரொம்ப நாளா கிளிப் போட்டிருந்தாரு. சாவறதுக்குக் கொஞ்ச நாள் முந்திதான் கழட்டுனாங்க. ராத்திரில மாட்டிக்க ஒரு பிளேட்டு குடுத்தாங்க. அத நான்தான் வச்சினு கீறேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, கம்பி கோத்த ரோஸ் நிறத் தட்டு ஒன்றை எடுத்தாள். பீவி அதைக் கிழங்கின் கடித்தடத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். தட்டின் விளிம்பு சீரான வளைவாக ஓடியது. தடத்தில் தெத்துப்பல் மட்டும் தனியே வெளியே நின்றது. எப்படித் திருப்பினாலும் இரண்டும் சேரவில்லை.

"மணி செத்தப்போ அவர் வாயில இருந்தது இந்தத் தட்டுக்குப் பொருந்துற பல்லு," என்றார் பீவி. "வந்து கடிக்கிறவருக்கு மட்டும் கிளிப் போடறதுக்கு முந்தின பல்லு இருக்கு. செத்தவர் வந்தா செத்தப்போ இருந்த பல்லோடல்ல வரணும்?"

"கல்யாண போட்டோவுல தெத்துப்பல்லுதானம்மா கீது. எம் மனசுலயும் அதுதான் கீது," என்றாள் மோகனப்ரியா. அவள் கண் கலங்கிவிட்டது.

மணிக்குக் கிளிப் போட்ட மதி டாக்டரின் கிளினிக் தண்டையார்பேட்டையில், கோடவுன்களுக்கு நடுவே ஒரு மாடியில் இருந்தது. வரவேற்பறையில் மாவுக்கட்டுக்குப் போடும் பிளாஸ்டரில் வார்த்த பற்கள் சில பல்லிளித்துக்கொண்டிருந்தன. வல்லரசு அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"கிளிப் போடறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் அச்செடுத்து இப்படி பிளாஸ்டர்ல மாடல் செய்வோம்," என்றார் மதி. "வைக்க இடம் பத்தலை. அதனால இப்போ ஒரு கம்பெனிக்கு அனுப்பி ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்திடறோம். இதோ மணியோடது."

திரையில் ஒரு வாய் மட்டும் அந்தரத்தில் சுழன்றது. சதையில்லை, முகமில்லை. அந்தத் தெத்துப்பல்லைக் கண்டதும் மோகனப்ரியா பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சுது கேஸு," என்றான் வல்லரசு. "கம்ப்யூட்டர்லருந்து யாரோ பல்லு செஞ்சுகினு போயிருக்காங்க."

பீவி கிழங்கைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். "டாக்டர், திரையில முன்பல் ரெண்டும் முழுசா இருக்கு. கிழங்குல ஒரு முன்பல்லோட ஓரம் பதியவே இல்லை, பாருங்க."

மதி குனிந்து பார்த்தார். "ஸ்கேன் முடிஞ்சு வந்த மாடலை, கிளிப் கழட்டுன அன்னைக்கு மணிகிட்டயே குடுத்துட்டேன். அவர் கைதவறிக் கீழ போட்டதுல ஓரம் உடைஞ்சுது. 'எங்க அம்மாகிட்ட காட்டணும் டாக்டர், அதுக்கு இது போதும்'னு சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போனார்."

"அப்போ கடிச்சது கம்ப்யூட்டர்ல இருக்கிற பல்லு இல்ல. உடைஞ்ச பிளாஸ்டர் பல்லு. அது உங்க வீட்டுலதான் இருக்கு மோகனா."

படியிறங்கும்போது வல்லரசு புதுக் குற்றவாளியைப் பிடித்துவிட்டான். "அப்ப கொழுந்தன்தான் பீவிம்மா. அண்ணியப் பயமுறுத்தி வூட்ட வுட்டுத் தொரத்தப் பாக்குறான்."

"அவன் இவளைப் படகுல ஏத்தணும்னு துடிக்கிறான். கடி விழுந்ததும் அந்தப் பயணம் நின்னுபோகுது. தன் காரியத்தைத் தானே எவனாவது கெடுத்துக்குவானா?" என்ற பீவி, கீழே இருந்த டெலிபோன் பூத்தில் நுழைந்து எண்ணூர் காவல் நிலையத்துக்குப் பேசினார்.

அவர்கள் காத்திவாக்கம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் தெருவெல்லாம் மங்கலாகப் படிந்திருந்தது. சின்னப்பையன் படகுக்கு டீசல் ஊற்றப் போயிருந்தான். அங்கம்மா அப்போதுதான் சூடம் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

பீவி அந்தக் கதவைத் திறந்தார். மாலை போட்ட படத்தின் முன்னே இலையில் கிழங்கு இருந்தது. அதில் கடி விழுந்திருந்தது, தெத்துப்பல்லோடு.

"கடைசியா வெளிய வர்றது எப்பவும் நீதான் அங்கம்மா," என்றார் பீவி. "மடியில இருக்கிறதை எடு."

கிழவி சேலை மடிப்பிலிருந்து மகனின் பற்களை எடுத்தாள். வெள்ளைப் பிளாஸ்டரில் கிழங்கு ஒட்டியிருந்தது. அதை முந்தானையால் துடைத்தாள், குழந்தைக்கு வாய் துடைப்பதுபோல்.

"ஏன் அத்த?" என்றாள் மோகனப்ரியா. "நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

"உன்னைத் துரத்தப் பண்ணல மோகனா, காப்பாத்தப் பண்ணியிருக்கா," என்றார் பீவி. "ரெண்டு தடவையும் இந்தக் கடிதான் உன்னைப் படகு ஏற விடல. படகைத் தள்ளுன ரெண்டு பேர்ல ஒருத்தன் திரும்பி வந்தான். ரெண்டு பேர் போனதைப் பார்த்தவ நீ ஒருத்திதான். அதை அவன்கிட்டயே கேட்டுட்ட."

அங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "படக வித்துட்டுக் கப்பலுக்குப் போறேன்னான் பெரியவன். நடுக்கடல்ல சண்ட. சின்னவன் தள்ளி வுட்டுட்டு, படகக் கரையோரம் வுட்டுட்டு வந்துட்டான். அண்ணன் நீந்தி ஏதோ படகுல ஏறி வந்துடுவான்னு நெனச்சேன்னு எங்காலப் புடிச்சிகினு அழுதான். ஒரு புள்ள போயிட்டான். இன்னொருத்தனக் குடுக்க மனசு வரல. ஆனா நீ அவனக் கேட்ட பாரு, அப்ப அவன் உன்னப் பாத்த பார்வைய நான் பாத்தேன். உண்மையச் சொன்னா அவன் ஜெயிலுக்குப் போவான். சொல்லலன்னா நீ தண்ணிக்குள்ள போவ. பேய் வந்துட்டா நீ பயந்துகினு உங்கம்மா வூட்டுக்கு ஓடிருவ, ரெண்டு பேரும் பொழச்சுக்குவீங்கன்னு பாத்தேன். நீ ஓடல."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. "அண்ணி, காலைல வாணாம், இப்பவே போயிட்டு வந்துரலாம். கடல் அமைதியா கீது," என்றான் சின்னப்பையன், தெருவிலிருந்தபடியே. வல்லரசு வாசலை மறைத்து நின்றான். கதவின் இரு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டான்.

அங்கம்மா பீவியிடம் கையை நீட்டினாள். "பல்ல மட்டும் எங்கிட்டயே வுட்டுடும்மா. அவன் முகத்துல எனக்குன்னு மிஞ்சுனது அதுதான்."

"வச்சுக்கோ. டாக்டரோட கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கு, வழக்குக்கு அது போதும். ஆனா இப்போ எங்கிட்ட சொன்னதை நீ ஸ்டேஷன்ல சொல்லணும்."

கிழவி மருமகளைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"உள்ள வாடா. அண்ணனுக்கு வச்சது கீது. ஒக்காந்து சாப்புடு." பீவியிடம் திரும்பி மெல்லச் சொன்னாள்: "அவன் சாப்ட்டு முடிக்கட்டும்மா. அப்பால இட்டுக்கினு போவச் சொல்லுங்க."

வல்லரசு வழிவிட்டான். சின்னப்பையன் உள்ளே வந்து பீவியைப் பார்த்தான். அம்மாவின் மடியில் இருந்ததைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. தெருமுனையில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டும் அவன் ஓடவில்லை. அம்மா நீட்டிய கிழங்கை வாங்கி, மறுபக்கமாக ஒரு வாய் கடித்தான்.

மோகனப்ரியா அந்தக் கடியைப் பார்த்தாள். பற்கள் எல்லாம் அழகாக, வரிசையாகப் பதிந்திருந்தன. இதுவரை எந்தக் கடியைப் பார்த்து நடுங்கினாளோ, அது அவளைப் பிழைக்க வைத்த கடி. தன்னையும் கடலில் தள்ளப் பார்த்தவனின் இந்தக் கடியோடுதான் இத்தனை நாளும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவள் மாமியாரின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்து, பிளாஸ்டர் பல்லைப் பற்றியிருந்த அந்தக் கையைத் தானும் பிடித்துக்கொண்டாள்.