இழுபடும் படங்கள்

மானிட்டரில் இருந்த போட்டோக்கள் காலையிலிருந்து இடப்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தன. தேவிப்ரியா மவுஸைத் தொடவேயில்லை.

கறம்பக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவள் கணவன் எழிலரசன் ஆசை ஆசையாக எழுதிய புரோகிராம் அது. திரையை ஒரு மேசையாகவும், போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் அதன்மேல் கிடக்கும் காகிதங்களாகவும் ஆக்கியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. தள்ளினால் வழுக்கும், மோதினால் விலகும், மேலே பாரம் வைத்தால் அமுங்கும். தள்ள ஆள் இல்லாமல் எதுவும் நகராது. அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து இன்றோடு பத்தொன்பது நாள்.

கருமாதியன்றே அவன் புழங்கிய சட்டை, செருப்பு, போர்வை எல்லாவற்றையும் கொடுத்தனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டரை மட்டும் இவள் அழுது அடம்பிடித்து நிறுத்திக்கொண்டாள். அது இருக்கிறவரை அண்ணன் வீட்டை விட்டுப் போகமாட்டார் என்று கொழுந்தன் நாகராசு சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளைச் சம்மதிக்க வைத்திருந்தான். இன்று சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவதாக இருந்தான். அதற்குள் ஒரே ஒரு வீடியோவைப் போனுக்கு மாற்றிவிட வேண்டும். எழிலரசனின் குரல் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான்.

மழை மூட்டத்தில் மதியமே வீடு இருட்டி, சாம்பிராணி வாடை சுவரில் அப்பிக் கிடக்க, ஓட்டிலிருந்து நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே உள்ளறையில் பாயில் தூங்கும் மகள் வைஷ்ணவியின் மூச்சு லேசாகக் கேட்டது.

போனைக் கேபிளில் மாட்டி, வீடியோவைப் பிடித்துத் திரையின் வலப்பக்கம் போன் தெரிந்த இடத்துக்கு இழுத்தாள். பாதி வழியில் நின்றது. மறுமுனையை யாரோ பற்றியிருப்பது போலத் துடித்தது. விட்டாள். சர்ரென்று இடது மூலைக்கே போயிற்று. அங்கே போட்டோக்கள் நடுவில் குழிந்திருந்தன. மேலே யாரோ உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் குழியும்.

பயமாக இருந்தது. பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது.

"ஏங்க... ஒங்க கொரல மட்டும் குடுத்துருங்க. வேற என்ன வேணாலும் எடுத்துக்கங்க."

குழி மெல்ல மேலெழுந்தது. வீடியோ தானாக வழுக்கி வந்து போனுக்குள் விழுந்தது. அவள் போனை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினாள்.

அப்புறம்தான் பார்த்தாள். வைஷ்ணவியின் போட்டோக்கள் குவியலிலிருந்து பிரிந்தன. தொட்டிலில் ஒன்று. பள்ளிச் சீருடையில் ஒன்று. ஒவ்வொன்றாக இடது மூலைக்கு. மவுஸால் பிடித்தாள். நிற்கவில்லை.

"வேணாங்க. புள்ளைய விட்டுருங்க."

கடைசிப் படமும் போய்ச் சேர்ந்தது.

உள்ளறையில் ஏதோ தரையில் உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

திரும்பினாள். உள்ளறை வாசலில் பாயின் முனை தெரிந்தது. இழுக்க யாருமில்லை. தூங்கும் குழந்தையோடு அந்தப் பாய் கொஞ்சம் கொஞ்சமாக, கம்ப்யூட்டர் இருந்த மேசையின் இடது மூலையை நோக்கி வந்துகொண்டிருந்தது.