தார் போடுவதற்கு முன்

“திங்கக்கெழம தார் போட்டுட்டா ஒரு வருசத்துக்குத் தோண்ட உடமாட்டாங்களாமுங்க,” என்று சொல்லி, உம்மல் குல்சும் ஒரு பாட்டிலை நரசிம்மலுவின் மேசைமேல் வைத்தார். உக்கடத்தில் அவர் வீதிக் குழாயில் வரும் தண்ணீர். சாக்கடை நிறம். “என்ற மகளுக்கு மஞ்சக்காமாலைங்க.”

நரசிம்மலு பெருமூச்சு விட்டார். தலைமை எழுத்தராக முப்பத்தைந்து வருடம் காணாமல்போன கோப்புகளைத் தேடியவர். ஓய்வு பெற்ற பின்னும், உதவி கேட்டு வருபவர்களுக்காக அதே பிழைப்பு.

உடைந்த குழாயை மாற்றக் குடிநீர் அலுவலகம் தயார். தோண்டுவதற்குச் சாலை அலுவலகம் அனுமதி தரவேண்டும். குடிநீர் அலுவலகம் அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தைத்தான் காணோம். அன்று வெள்ளிக்கிழமை.

இரண்டும் ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர். வாசல்கள் மட்டும் வேறுவேறு வீதியில். நரசிம்மலுவும் உதவியாளர் கிருபாவும் குல்சுமோடு முதலில் குடிநீர் அலுவலகத்துக்குப் போனார்கள். எழுத்தர் சென்னியப்பன் முழங்காலில் கட்டோடு, நடுச்சுவரிலிருந்த பலகை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“மூணு வாரம் முந்தியே என்ற கையால குடுத்துப்போட்டனுங்க. ஞாபகக் கடுதாசி வேற மூணு.”

“கால்ல எப்ப அடிபட்டுதுங்க?” என்றார் நரசிம்மலு.

“ரெண்டு மாசமாச்சுங்க. சீட்ட உட்டு எந்திரிக்கறதே பெரும்பாடு.”

அரை கிலோமீட்டர் சுற்றிச் சாலை அலுவலகம். புதுப் பச்சை பீரோவுக்கு முன்னால் அங்கத்து எழுத்தர் சாய்ப்ரியா. “துண்டுக் காயிதங்கூட வர்லீங்க. நான் மாத்தலாயி வந்து ஒரு மாசமாச்சு.”

“சென்னியப்பன் புளுகறாருங்க சார்!” என்றாள் கிருபா.

“ரெண்டு பேருஞ் சொல்றது நெசந்தான் கண்ணு. அவரக் கூட்டிட்டு வா.”

சென்னியப்பன் நொண்டிக்கொண்டே வந்தார். பதினெட்டு வருட சர்வீஸில் இந்த அறைக்குள் வருவது முதல் தடவையாம்.

“நடக்கமாட்டாதவரு கையால குடுத்தேங்கறாரு. அப்ப, குடுத்த வழி எது?” நரசிம்மலு சுவரைக் காட்டினார். “அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்குது. இந்தப் பக்கம் அதக் காணோம்.”

எல்லோரும் பீரோவைப் பார்த்தார்கள்.

“எப்பவும் பலகை இடுக்குல தள்ளி உட்டுருவனுங்க,” என்றார் சென்னியப்பன். “இந்தப் பக்கம் எடுத்துக்குவாங்க. பீரோ வெச்சத ஆரு சொன்னா?”

“ஜன்னல் இருக்கறத எனக்கு ஆருங்க சொன்னா?”

பீரோவை நகர்த்தினார்கள். தூசியோடு காகிதங்கள் சரிந்தன. மேலே மூன்று ஞாபகக் கடிதங்கள், அடியில் குல்சும் வீதிக் கடிதம்.

நாலே முக்காலுக்குச் சாலை அதிகாரி அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

“அனுமதிய ஜன்னல்ல போட்டுருங்க அம்மணி, நான் போயி எடுத்துக்கறேன்,” என்றார் சென்னியப்பன்.

குல்சும் அதை வெடுக்கென்று வாங்கி முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டார். “வேண்டாமுங்க. நானே சுத்திப் போய்க் குடுத்துப்போட்டு வாரேன்.”

நரசிம்மலுவும் களைப்போடு செருப்பை மாட்டினார். அரை கிலோமீட்டர்தான். நடுவில் யார் கையிலும் கொடுக்காமல் போகவேண்டும்.